பத்துமலைக்குப் பின்பக்கம் ஒரு கயிறு

1

போன தடவை நாமக்கல் வந்திருந்தபோது என் அண்ணி கேட்டாள்: "உனக்கென்ன செல்வி, ஃபாரின் பொழப்பு. என்ன கவலை இருக்குது உனக்கு?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன். என் கவலை நீல நிறம். வாங்கியபோது ஐம்பது மீட்டர் நீளம். மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டு அலமாரியில், என் பட்டுப்புடவைகளுக்கு அடுத்த தட்டில், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு படுத்திருக்கிறது.

அது என் மகள் மாலினியின் கயிறு. மாலினிக்கு இருபது வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஒரே பெண். ஒரே பெண் என்றால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது என்பார்களே, அது எனக்கு அவள் பள்ளிக்கூட பஸ் ஏறிய நாளிலிருந்தே பழக்கம். ஆனால் அவள் பாறை ஏறப் போவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பாறை ஏறுவது இங்கே இப்போது ஒரு விளையாட்டு. பத்துமலை முருகன் கோயில் தெரியுமல்லவா, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களே, அதே மலையின் பின்பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் இருக்கின்றன. யாரோ வெள்ளைக்காரர்கள் வந்து அதில் வரிசையாகத் துளை போட்டு இரும்பு போல்ட்டுகள் அடித்து வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிக்கொண்டு போவாள். கீழே ஒருத்தி கயிற்றின் மறுபக்கத்தைத் தன் இடுப்பில் உள்ள ஒரு இரும்புக் கருவி வழியாக விட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மேலே போனவள் உச்சியில் உள்ள வளையத்தில் கயிற்றைப் போட்டதும், கீழே இருப்பவள் மெல்ல மெல்ல விட்டு அவளைக் கிணற்று வாளி மாதிரி இறக்குவாள்.

"ஏன்டி, முன்பக்கம்தான் அழகாப் படி கட்டி வெச்சிருக்காங்களே" என்று கேட்டேன்.

"அம்மா, ரிலாக்ஸ் லா. படியில ஏறினா அது ஸ்போர்ட் இல்ல மா" என்றாள்.

2

பத்துமலையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. முருகன் இருக்கிறான், பஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இந்த டிசம்பரில் தாய்லாந்தில் கிராபி என்ற இடத்துக்குப் போவதாகத் திட்டம். மாலினியும், அவளோடு படிக்கிற மெய் லிங் என்ற சீனப் பெண்ணும். கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் மலைகளாம். சில பாறைகளுக்குப் படகில்தான் போக வேண்டுமாம். இருவரில் ஒருவரும் அந்த இடத்தைக் கண்ணால் கண்டதில்லை.

இரண்டு மாதமாக என் சாப்பாட்டு மேசையில்தான் திட்டம் நடக்கிறது. யாரோ கொடுத்த ஃபோட்டோகாப்பித் தாள்கள். பாறையைக் கோடு கோடாக வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெயர், எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு எண், எத்தனை மீட்டர் என்று இன்னொரு எண். அந்தத் தாள்கள் மேல் நான் குழம்புச் சட்டியை வைத்துவிடுவேனோ என்று மாலினிக்குப் பயம். அந்தக் கோடுகளில் ஒன்றிலிருந்து அவள் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பயம்.

"கயிறு பத்துமா?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் அக்கறை காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கயிற்றை எடுத்துவந்து பிரித்து, சரி நடுவில் கறுப்பு மையால் போட்டிருந்த அடையாளத்தைக் காட்டினாள்.

"இதான் மா பாதி. ஏறும்போது இந்த மார்க் மெய் லிங் கைக்கு வரலைன்னா, மேல போனதும் பாதிக்குக் கம்மியா யூஸ் ஆயிருக்குன்னு அர்த்தம். அப்போ இறங்கவும் கயிறு பத்தும். சிம்பிள்."

"வந்துருச்சுன்னா?"

"அந்த ரூட் ஏற மாட்டோம் மா."

என் வீட்டுக்காரர் இங்கேயே கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். ரயில்வேயில் ஃபிட்டர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். "ஹாட்யாய் வரைக்கும் பஸ்ஸு, அங்கேருந்து வேன். என்னா பெரிய தூரம்? போயிட்டு வரட்டும் லா செல்வி" என்றார். அவருக்கு அது சுலபம். அவரிடம் மலேசியப் பாஸ்போர்ட் இருக்கிறது. மகளிடமும் இருக்கிறது. எல்லையில் ஒரு முத்திரை, அவ்வளவுதான்.

என் கதை வேறு. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தோரு வருஷம் ஆகியும் என் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். இந்த ஊரில் நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த ஊர்க்காரி இல்லை என்று அர்த்தம். குடியுரிமைக்கு எழுதிப்போட்டது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. கவுன்ட்டரில் போய்க் கேட்டால், என் மலாயைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துங்கு டூலு" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் நான் நல்ல உச்சரிப்போடு சொல்வேன். தாய்லாந்து போக வேண்டுமானால் என் இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா குத்த வேண்டும். திரும்பி உள்ளே வர இங்கே இன்னொரு அனுமதி வாங்க வேண்டும்.

ஆகவே இரவில் எனக்கு வந்த கணக்கு இதுதான். அங்கே என் பெண் ஏதோ ஒரு பாறையிலிருந்து விழுந்தால், செய்தி வந்த அன்றே அவள் அப்பா பஸ் ஏறிவிடலாம். நான் ஏற முடியாது. பெற்றவள் ஏதாவது ஒரு கவுன்ட்டரில் நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருப்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சொன்னது பலித்துவிடும் என்று பயம்.

3

நான் உயரத்துக்குப் பயப்படுகிறவள் என்பது நாமக்கல்லில் என்னோடு படித்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் நடுவில் ஒரே கல்லாக நிற்கும் மலைமேல் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். பாதிப் படியில் உட்கார்ந்து பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கணக்கு டீச்சர் என் கண்ணைத் தன் முந்தானையால் கட்டி இறக்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளித்தான் நிற்பேன். அந்த வயிற்றில்தான் இவள் பிறந்திருக்கிறாள்.

அந்த ஊரில் எனக்குப் பயமில்லாமல் பிடித்த நாள் ஒன்று உண்டென்றால் அது ஆயுத பூஜை. அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். சுத்தியல், ரம்பம், வெல்டிங் கம்பி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தெருவெல்லாம் லாரிகள் வாழைக்கன்றோடு நிற்கும். நம்மைக் காப்பாற்றுகிற பொருளுக்கு வருஷத்தில் ஒருநாள் நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

இங்கே அன்றைக்கு லீவு கிடையாது. அதனால் மாலையில்தான் பூஜை. என் தையல் மெஷின், கத்தரிக்கோல், இவருடைய ஸ்பேனர்கள், மோட்டார் சைக்கிள், அரிவாள்மனை, மாலினியின் புத்தகங்கள். பொரியும் கடலையும் கடைத்தெருவில் கிடைத்துவிடும். சில வருஷங்களாக மாலினி இதற்கெல்லாம் வீட்டில் தங்குவதில்லை. வந்தாலும் தட்டிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளைகள் கைவிட்டுப் போவது ஒரே நாளில் நடப்பதில்லை, இப்படித்தான் கடலை கடலையாக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருஷம் அவளே அலமாரியைத் திறந்து அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையும் கும்பிடுங்க மா. என் உயிரு இதுலதான இருக்கு" என்றாள்.

உயிர் என்ற வார்த்தையில் எனக்குத் திக்கென்றது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சந்தனம் குழைத்துச் சுருளின் மேல் மூன்று இடத்தில் வைத்தேன். குங்குமம் வைத்தேன். மல்லிகைச் சரத்தில் ஒரு துண்டைச் சுற்றினேன். மற்றவற்றுக்கெல்லாம் தூரத்திலிருந்தே கற்பூரம் காட்டினேன். கயிற்றுக்கு மட்டும், பயந்தவளுக்குப் பக்தி அதிகமல்லவா, தட்டைக் கிட்டத்தில் கொண்டுபோய் மூன்று சுற்றுக்கு ஆறு சுற்றாகச் சுற்றினேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் நினைக்கவில்லை. எரிகிற கற்பூரத் துண்டு ஒன்று தட்டிலிருந்து உருண்டு சுருளின் நடுவே விழுந்தது.

இவர்தான் கையாலேயே தட்டி அணைத்தார். பிளாஸ்டிக் கருகுகிற வாடை எழுந்தது. மாலினி உட்கார்ந்து, கயிற்றை ஒரு நுனியிலிருந்து விரலில் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நீலம் உருகிக் கறுப்பாக, கடினமாக, சிரங்கு மாதிரி ஆகியிருந்தது.

"போச்சா?" என்றார் இவர்.

"இந்த எடம் போச்சு பா."

அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. முருகனே பார்த்து நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வருத்தம் வந்தது.

4

நிறுத்தவெல்லாம் இல்லை. கருகிய இடம் ஒரு நுனிக்குப் பக்கமாகத்தான் இருந்தது. அந்த நுனிப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் மீதிக் கயிறு நல்ல கயிறுதானாம். மெய் லிங் மறுநாளே வந்துவிட்டாள். ஒல்லியான பெண், எப்போதும் அரைக்கால் சட்டை, கையெல்லாம் சிராய்ப்பு. நான் வருத்தம் தெரிவித்ததும், "இட்ஸ் ஓகே ஆன்டி, நௌ த ரோப் இஸ் ப்ளெஸ்ட்" என்று சிரித்தாள். இருவரும் சேர்ந்து மீதிக் கயிறு முழுவதையும் தடவிப் பார்த்தார்கள். பிறகு என் அடுப்பில் ஒரு பழைய கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, கருகிய இடத்துக்கு இந்தப் பக்கம் கயிற்றை அறுத்தார்கள். ஆறேழு மீட்டர் போயிற்று. அந்தத் துண்டு இப்போது என் கொடிக்கயிறாக இருக்கிறது.

"இனிமே சின்ன ரூட்டா பார்த்து ஏறிக்கலாம் மா" என்று மாலினி ஃபோட்டோகாப்பித் தாளில் நீளமான கோடுகளை எல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோட்டை அடிக்கும்போதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அடிக்காத கோடுகள் நிறைய இருந்தன.

அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன். "நீ அங்க போறதுக்கு முன்னால ஒரு தடவை நான் வந்து பார்க்கணும். எப்படி ஏறுறே, யாரு புடிக்கிறா, எல்லாம் நான் பார்க்கணும். பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா நீ போகக்கூடாது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார்.

"ஓகே மா" என்றாள் மாலினி. "பார்த்தா நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க."

வேண்டாம் என்று சொல்வதற்காகவேதான் நான் போனேன். அந்த வார்த்தையை வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்பக்கம் கோயிலில் நாதஸ்வரம் கேட்டது. நாங்கள் மலையைச் சுற்றிப் பின்பக்கம் ஒரு கம்பத்து வழியாக நடந்தோம், இங்கே கிராமத்தைக் கம்பம் என்பார்கள். கோழிகள் மேய்கிற முற்றங்களைத் தாண்டினால் திடீரென்று பாறை, வீட்டுச் சுவர் மாதிரி நேராக. கொசுவானால் பிய்த்துத் தின்றது. இன்னும் நாலைந்து பேர் சற்றுத் தள்ளி வேறு கயிறுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மாலினி இடுப்பு வாரை மாட்டி, கயிற்று நுனியைக் கட்டி, முடிச்சை மெய் லிங்கிடம் காட்டினாள். மெய் லிங் தன் கருவியில் கயிறு சரியாகப் போயிருக்கிறதா என்று மாலினியிடம் காட்டினாள். இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒருத்தி உயிரை இன்னொருத்தி சரிபார்க்கிறாளே என்று.

"இது நாங்க எப்பவும் ஏறுற ரூட்டு மா. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாறையில் கை வைத்தாள்.

அவள் கால் என் தலைக்கு மேலே போனதும் என் தைரியம் போய்விட்டது. நாமக்கல் படியில் உட்கார்ந்த அதே பயம் வந்தது. மேலே பார்க்கவே முடியவில்லை. கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்தேன், நாலு வரிக்கு மேல் நினைவு வரவில்லை. தரையைப் பார்த்தேன். தரையில் நீலக் கயிறு ஒரு குவியலாகக் கிடந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து மெய் லிங் கை வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கயிறு போனால் அவள் ஏறுகிறாள், நின்றால் அவளும் நிற்கிறாள்.

வெகுநேரம் கழித்து மேலிருந்து அவள் குரல் ஆங்கிலத்தில் வந்தது. உச்சிக்குப் போய்விட்டாளாம். மெய் லிங் மேலே பார்த்தபடியே அவளை இறக்கத் தொடங்கினாள். "ஃபினிஷ்ட் ஆன்டி, ஷீ இஸ் கமிங்" என்றாள். இறங்குகிறாள் என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது. ஆனால் தலை நிமிரவில்லை. கண் குவியலிலேயே இருந்தது.

குவியல் சிறுத்துக்கொண்டு வந்தது. இறக்கும்போதும் கயிறு இந்தப் பக்கத்திலிருந்துதான் போகும் போல என்று நினைத்தேன். நாலு சுருளாயிற்று. இரண்டாயிற்று. பிறகு குவியலே இல்லை. அடுப்பில் காய்ச்சிய கத்தியால் அறுத்த கறுத்த நுனி, புல்லில் நெளிந்துகொண்டு மெய் லிங்கின் காலை நோக்கிப் போனது. மெய் லிங் மேலே மாலினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நுனி அவள் கருவியைத் தாண்டிவிட்டால் என் பெண்ணை எதுவும் பிடித்திருக்காது.

இருபத்தோரு வருஷமாகச் சந்தையிலும் ஆபீசிலும் பேசிய மலாய், மகளோடு சண்டை போட்டுக் கற்ற ஆங்கிலம், ஒன்றும் வரவில்லை. "அடியே கயிறு! கயிறு தீந்துபோச்சு! நிறுத்துடி!" என்று நாமக்கல் தமிழில் கத்திக்கொண்டே பாய்ந்து அந்த நுனியைப் பிடித்தேன். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெய் லிங் திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். இரண்டு கையாலும் கயிற்றை இறுக்கி நிறுத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மாலினி இரண்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். "என்னா ஆச்சு? ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். தள்ளி ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் சொல்லியபடி அவள் பக்கத்து போல்ட்டில் தன்னை மாட்டிக்கொண்டாள். ஒருவர் இன்னொரு கயிற்றோடு ஏறிப்போய் அவளை இறக்கினார். அதுவரை நான் நுனியை விடவில்லை. விடலாம் என்று இரண்டு பேர் சொன்ன பிறகும் விடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். கயிற்றை ஒரு பக்கம் வெட்டினார்கள். கறுப்பு மை அடையாளம் இருந்த இடத்திலேயே இருந்தது. அது இப்போது நடு இல்லை, மெய் லிங் பக்கம் ஆறேழு மீட்டர் குறைவு என்று இருவருக்கும் தோன்றவில்லை. தெரியாத ஊர்ப் பாறைகளுக்கு ஒவ்வொரு கோடாக உட்கார்ந்து அடித்தார்கள். தெரிந்த பாறைக்கு யோசிக்கவில்லை. ஏறும்போது மை மெய் லிங் கைக்கு வரவில்லை, சரி, கயிறு போதும் என்று நம்பிவிட்டார்கள்.

மெய் லிங் ஒரு கல்மேல் உட்கார்ந்து அழுதாள். மாலினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையில் கயிறு அறுத்த தடத்தைத் தடவிக்கொண்டே, "நான் போகல மா. கிராபி வேணாம்" என்றாள்.

நான் கேட்க வந்த வார்த்தை அதுதான். இரண்டு மாதமாக வேண்டிக்கொண்டதும் அதுதான். இனி இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் பாறையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "மேல ஒரு கஷ்டமான எடம் இருக்கு மா. நாலு மாசமா ட்ரை பண்றேன், எப்பவும் அங்க விழுந்துருவேன். இன்னிக்கு விழல. நீங்க பார்த்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லடி" என்றேன். "பயமா இருந்துச்சு. நான் மேல பார்க்கவே இல்ல."

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவை கூட."

அவள் தலையை ஆட்டினாள். கோபமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பரிசு வாங்கிக்கொண்டு வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்த குழந்தையின் முகம் அது. அவள் விழுந்துவிடுவாள் என்று அத்தனை இரவு கண்ணை மூடி மூடிப் பார்த்திருக்கிறேன். அவள் ஏறுவதை ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

பிறகு நான் எழுந்தேன். கயிற்றின் கறுத்த நுனியில், கருவிக்குள் எந்தக் காலத்திலும் நுழைய முடியாதபடி முஷ்டி அளவுக்கு ஒரு முடிச்சுப் போடச் சொன்னேன். மெய் லிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டாள். நானும் இழுத்துப் பார்த்தேன். இந்தக் கயிற்றுக்கு ஏற்ற சின்ன ரூட் எது என்று கேட்டேன். பக்கத்துப் பாறையைக் காட்டினார்கள்.

"ஏறு" என்றேன்.

"அம்மா?"

"ஏறுடி. இப்பப் பார்க்கிறேன்."

மாலினி முடிச்சைக் கட்டினாள். மெய் லிங் சரிபார்த்தாள். நானும் சரிபார்த்தேன், எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும். அவள் முதல் போல்ட்டுக்குப் போனாள், இரண்டாவதுக்குப் போனாள். பக்கத்தில் இருந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. பாதி உயரத்தில் நின்று அவள் கீழே திரும்பிப் பார்த்தாள், நான் பார்க்கிறேனா என்று.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.